நாடகத்துக்குக் கதாநாயகி எழுதப் போறீங்களோ? முதல் பாஞ்சாலியிட்டப் போய் வாங்கோ

இப்ப கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் எண்டு வன்னி முழுக்க பெடியள் பெட்டையள் போனிலயே தொடர் நாடகம் எடுத்து யூடியூப்பில போடத் துவங்கியிருக்கினம், நல்ல விசயம், ஆனா கதாநாயகி மட்டும் இன்னும் இந்தியச் சீரியல்ல இருந்து இறக்கின அதே ஆள்தான். மாமி ஏசினா அழுவா, புருசன் சந்தேகப்பட்டா அழுவா, கையில ஆதாரம் இருந்தாலும் சாமிப்படத்துக்கு முன்னால போய் நிண்டுகொண்டு "நீயே பாத்துக்கொள் தாயே" எண்டுவா. ஏனப்பா இப்பிடி எண்டு எழுதினவையைக் கேட்டா, சீதை மாதிரிப் பொறுமைசாலியாம். சீதை எங்க அப்பிடி இருந்தவ? இதிகாசத்தை ஒருக்கா வடிவாப் பாத்திட்டு எழுதினா இந்தப் பிழை வராது, எப்பிடி எண்டு சொல்லுறன்.

கதை எழுத முதல் கொப்பியின்ர முதல் பக்கத்தில ஒரு விசயம் எழுதுங்கோ: இவ எதுக்காகப் பொறுக்கிறா, எந்தத் தேதி மட்டும் பொறுப்பா, அதுக்குள்ள நடக்காட்டி என்ன செய்வா. இதுக்கு நான் தவணை எண்டு சொல்லுறது. அசோகவனத்தில சீதை அனுமானிட்டச் சொல்லி அனுப்பினது என்ன எண்டா, இன்னும் ஒரு மாசம்தான் உயிரோட இருப்பன், அதுக்குள்ள வரச்சொல்லு எண்டதுதான். வால்மீகியிலயும் அப்பிடித்தான், கம்பனிலயும் அப்பிடித்தான். பாஞ்சாலிக்கும் கணக்கு இருக்கு, 12 வருசம் காடு, 1 வருசம் ஒளிஞ்சிருக்கிறது, அதுக்குப் பிறகு அவ ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விடேல்லை, கண்ணன் தூது போக வெளிக்கிடேக்கையும் தலைமயிரைக் கையில பிடிச்சுக் காட்டி இதை மறந்திடாதை எண்டவ. உங்கட கதாநாயகிக்கும் அப்பிடி ஒண்டு குடுங்கோ, தங்கச்சிக்காரி ஓ.எல். சோதினை எழுதி முடியும் மட்டும், இல்லாட்டி பெரும்போக நெல்லு வெட்டிக் காசு கைக்கு வரும் மட்டும், ஏதோ ஒண்டு. தவணை தெரிஞ்சா பாக்கிற சனமும் நாள் எண்ணும். தவணை இல்லாட்டி நாடகம் ஆயிரம் பகுதிக்கு இழுபடும். 1988ல துவங்கின தூரதர்சன் மகாபாரதமே பதினெட்டு நாள் போரையும் சேத்து 94 பகுதியில முடிஞ்சுது, உங்கட மாமி மருமகள் சண்டை அதை விடப் பெரிசோ?

அடுத்தது வசனம். அழுற காட்சி ஒண்டு எழுத வேண்டி வந்தா, அந்த இடத்தில அழுகையை வெட்டிப்போட்டு ஒரு கேள்வியை வையுங்கோ. சூதாட்டச் சபைக்கு இழுத்துக்கொண்டு வர ஆள் அனுப்பினவுடன பாஞ்சாலி முதல் செய்த வேலை அதுதான், வந்த தேரோட்டியைத் திருப்பி அனுப்பி, தருமர் முதல் தன்னைத் தோத்தவரோ என்னைத் தோத்தவரோ, கேட்டுக்கொண்டு வா எண்டவ. தன்னையே தோத்து அடிமையான ஆளுக்கு மனுசியைப் பணயம் வைக்க என்ன உரிமை? அந்தச் சபையில ஒருத்தராலயும் மறுமொழி சொல்ல ஏலாமப் போச்சு, பீஷ்மரே தருமம் நுட்பமானது எண்டு நழுவிட்டார், துரியோதனன்ர தம்பி விகர்ணன் மட்டும் எழும்பி இவ கேக்கிறது சரி எண்டவன்.

இதை எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்து பாருங்கோ. புருசன் ஒன்லைன்ல சூதாடிக் கடனாகி, கடைசியில மனுசியின்ர தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைச்சிட்டார். மாமி சொல்லுறா, அவன் உன்ர புருசன்தானே, எடுத்தா என்ன, கொடியைக் கழட்டி வைச்சது உன்ர பிழை எண்டு. சீரியல் எண்டா இந்த இடத்தில மூண்டு தரம் முகத்தைக் காட்டி, இடி இடிச்சு, கண்ணீர். நீங்கள் இப்பிடி எழுதுங்கோ:

"மாமி, ஒண்டு கேக்கிறன் குறை நினைக்காதேங்கோ. ஆட்டோவை லீசிங்காரன் இழுத்துக்கொண்டு போனது எப்ப?"

"போன மாசம். அதுக்கு இப்ப என்ன?"

"கொடி அடகு வைச்சது?"

மாமி பேசாம நிக்கிறா.

"தன்ர எல்லாத்தையும் குடுத்து முடிச்ச பிறகுதான் அவர் என்ர பெட்டியைத் திறந்திருக்கிறார் மாமி. ஆர் திறக்கச் சொன்னது?"

குரல் உயரத் தேவையில்லை. மாமியை மாமி எண்டுதான் கூப்பிடுறா, மரியாதையும் கெடேல்லை, ஆனா வீட்டில ஒருத்தருக்கும் வாய் திறக்க ஏலாது. விகர்ணனுக்கும் ஒரு இடம் வையுங்கோ, மச்சான் எண்டு ஒரு சின்னப் பெடியன் மூலையில இருந்து "அண்ணி சொல்லுறது சரிதானே அம்மா" எண்டு சொல்லட்டும்.

உண்மை தெரிய வாற விதத்திலயும் கவனம் வேணும். சீரியல்ல எல்லா ரகசியமும் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுத்தான் தெரிய வரும், அலுத்துப்போச்சு. தமயந்தி அப்பிடி ஒட்டுக் கேக்கேல்லை. நளன் உருமாறி இருதுபன்னன் எண்ட ராசாவின்ர தேரோட்டியா இருக்கிறான் எண்டு சந்தேகம் வந்தவுடன, தமயந்திக்கு நாளைக்கு ரெண்டாம் சுயம்வரம் எண்டு அந்த ராசாவுக்கு மட்டும் சொல்லி அனுப்புறா. ஒரு நாளுக்குள்ள அவ்வளவு தூரம் தேர் ஓட்ட நளனாலதான் ஏலும், வந்து சேந்தா அவன்தான். அதோடயும் விடேல்லை, அந்த ஆள் சமைச்சதை எடுப்பிச்சு வாயில வைச்சுப் பாக்கிறா. பொறி வைச்சுப் பிடிக்கிற கதாநாயகி, அதுவும் அந்தக் காலத்தில!

கண்ணகி இதிகாசக் கணக்கில வராது, சிலப்பதிகாரம் காப்பியம், ஆனா வற்றாப்பளையில வைகாசிப் பொங்கலுக்கு நிக்கிற சனத்துக்கு, கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பாத்த முல்லைத்தீவு ஆக்களுக்கு அவவை விட்டிட்டு நாடகம் எழுதிக் காட்ட ஏலுமோ? பாண்டியன்ர சபையில அவ செய்த ஒழுங்கைப் பாருங்கோ. என்ர சிலம்புக்குள்ள மாணிக்கப் பரல் எண்டு முதலே சொல்லிப்போடுறா, அரசன் எங்கட சிலம்பில முத்து எண்டு தன்ர வாயாலயே சொல்லுறான், அதுக்குப் பிறகுதான் உடைக்கிறா. முதலே உடைச்சிருந்தா அரசன் வேற கதை சொல்லித் தப்பியிருப்பான். நீங்களும் எதிராளியின்ர வாயைத் திறக்க வைச்சிட்டு ஆதாரத்தை எடுங்கோ, அடகுச் சிட்டையைக் காட்டுறது அதுக்குப் பிறகு.

வில்லி எழுதுறது சுகம், கூனியையும் கைகேயியையும் ரெண்டு ஆளாவே வைச்சிருங்கோ, அவ்வளவுதான். இராமனுக்கு முடிசூட்டு எண்டவுடன கைகேயி சந்தோசத்தில கூனிக்கு நகை குடுத்தவ எண்டதை மறக்காதேங்கோ. மாமி முதல்ல நல்லவவா இருக்கோணும், கெடுக்கிற ஆள் வேற.

அவ வெல்லுற நேரம் வந்தா ஆசைப்பட விடாதேங்கோ. திருதராட்டிரன் வரம் கேள் எண்டேக்க பாஞ்சாலி முதல் வரத்தில தருமரை மீட்டா, ரெண்டாவதில மற்ற நாலு பேரையும் தேரோடயும் வில்லோடயும் மீட்டா, மூண்டாவது தாறன் எண்டதுக்கு வேண்டாம் எண்டிட்டா. உங்கட ஆளும் கொடியைத் திருப்பி வாங்கட்டும், மாமியைக் காலில விழ வைக்கத் தேவையில்லை, அது மலிவு.

கடைசியா, தீக்குளிக்கிற காட்சி. கோயில் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம், தீச்சட்டி, தீமிதிப்பு எண்டு கதாநாயகி தான் சுத்தம் எண்டு காட்டுற பகுதியை இந்தச் சீரியல்காரர் விடமாட்டினம், நீங்கள் தயவுசெய்து விட்டிடுங்கோ. சீதையே ஒருக்காத்தான் செய்தவ. உத்தரகாண்டத்தில சபைக்கு முன்னால திரும்பவும் நிரூபி எண்டு கேக்க, பூமியைப் பிளக்கச் சொல்லி உள்ள போயிட்டா, இராமன் கத்தியும் திரும்பி வரேல்லை. உங்கட நாடகத்தில பூமி பிளக்கிறதுக்கு கிராபிக்ஸ் செய்யக் காசு இருக்காது, ஆகவே ரெண்டாம் முறை சந்தேகப்பட்டவுடன பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில ஏத்தி விடுங்கோ. எங்க போறா எண்டு கொமெண்டில கேப்பினம். கேக்கட்டும், ரெண்டாம் சீசன் எழுத ஆக்கள் தேவைதானே.