இறங்குதுறைக்கு மரம் வாங்கும்போது வழமையாக விடும் பிழைகள்

போட்டைக் கட்டி வைக்க ஒரு சின்ன இறங்குதுறை போட நினைக்கும் ஆட்கள் முதலில் செய்வது, கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கமோ மொறட்டுவைப் பக்கமோ போய் "மருந்தேற்றின மரம் இருக்கா?" என்று கேட்பதுதான். இருக்கு என்பார் கடைக்காரர், அது பொய்யும் இல்லை. ஆனால் எதற்கு ஏற்றின மருந்து என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இறப்பர் மரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்றுவது பெரும்பாலும் போரன் உப்பு, கதிரை மேசையில் பூச்சி வராமல் இருக்க அது அருமையான மருந்து. தண்ணீரில் வைத்தால் அந்த உப்பு மெல்ல மெல்லக் கரைந்து வெளியே போய்விடும், பிறகு நிற்பது வெறும் இறப்பர் மரம்.

கறையானையும் உளுத்தலையும் மனதில் வைத்து மரம் தேடுவதால்தான் இப்படி ஆகிறது. கடலில் எதிரி வேறு. கப்பல்புழு என்று சொன்னாலும் அது புழுவே இல்லை, மட்டி சிப்பியின் சொந்தக்காரன். குஞ்சாக இருக்கும்போது குண்டூசி முனையளவு ஓட்டை போட்டு உள்ளே போகும், பிறகு வெளியே வராது, உள்ளேயே வளர்ந்து, மரத்தின் நார் ஓடும் திசையில் குடைந்துகொண்டே போகும், போகிற வழிக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பூசிக்கொள்ளும். ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கிடாமல் விலகிப் போவதால் ஒரே தூணில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் தூண் புதிது மாதிரி இருக்கும், வெட்டிப் பார்த்தால் தேன்கூடு. இன்னொன்று லிம்னோரியா, மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளம், பூச்சி மாதிரி இருந்தாலும் நண்டு இறாலின் சொந்தக்காரன், இது வெளியிலிருந்து சுரண்டும், அதனால் தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் தூண் இடுப்பு ஒடுங்கியது போலாகும். கொழும்புக் கடல் வருடம் முழுக்க ஏறத்தாழ 27 பாகைக்குக் குறையாத சூட்டில் இருப்பதால் இவற்றுக்கு ஓய்வுகாலம் என்று ஒன்றில்லை. மருந்தில்லாத மெல்லிய மரம் ஒரு வருடத்துக்குள்ளேயே போகலாம்.

"எங்கட இடத்தில ஆத்துத் தண்ணிதானே வருது" என்று களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரம், காக்கைதீவுப் பக்கம் சொல்வார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சான் பிரான்சிஸ்கோ குடாவின் வடக்குப் பகுதியிலும் இதே கதைதான். ஆற்றுத் தண்ணீர் கலக்கும் இடம், புழு வராது என்று மருந்தில்லாத மரத்தில் துறைகள் கட்டினார்கள், மழை குறைந்து உப்பு மேலே ஏறியதும் 1919 முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் துறைகள் வரிசையாகச் சரிந்தன. களனி கங்கை மழைக்காலத்தில் கடலைத் தள்ளிக்கொண்டு வருவது உண்மை, ஆனால் கப்பல்புழு அந்த நாட்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே காத்திருக்கும்.

சரி, எதைக் கேட்க வேண்டும்? வகுப்பையும் மருந்தின் அளவையும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மரமென்றால் மரக்கட்டின் மேல் ஒரு வகுப்பு எண் இருக்கும். எச் 3 மழை வெயிலுக்கு, எச் 4 மண்ணில் நட, கடலுக்குள் நிற்க எச் 6 மட்டும்தான். அமெரிக்கத் தரத்தில் அது யூசி 5. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்தில் வித்தியாசம் எவ்வளவு என்றால், தரைக்கு மேலே நிற்கும் பலகைக்கு ஒரு கன மீற்றருக்கு 4 கிலோ, மண்ணில் நடும் கட்டைக்கு சுமார் 6.4 கிலோ, சூடான கடலில் நிற்கும் தூணுக்கு 40 கிலோ. பத்து மடங்கு! அதற்காக மேல்தளப் பலகைக்கும் 40 கிலோ கேட்காதீர்கள். அவ்வளவு மருந்து மரத்தை நொறுங்க வைக்கும், செம்பு கடலில் கசிந்து மீனுக்கும் இறாலுக்கும் கேடு, காசும் வீண்.

யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2003 முடிவோடு சிசிஏ வீட்டுப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டது, கடல் தூண்களிலிருந்து அல்ல. அதனால் அந்த வீடியோக்களில் கடையில் வாங்கிக் காட்டும் மரம் பெரும்பாலும் ஏசிகியூ அல்லது கொப்பர் அசோல் என்ற வேறு செம்பு மருந்து ஏற்றினது, கட்டுவது ஏரிக்கரையில். நல்ல தண்ணீருக்குச் சரி, உப்புத் தண்ணீருக்குள் நிற்க அவை அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள் இல்லை.

செம்பு மருந்து மரத்தைப் பச்சையாக்கும், ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. பச்சை வெறும் சாயமாகவும் இருக்கலாம், மேலால் தடவினதாகவும் இருக்கலாம். ஒரு துண்டை நடுவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். நுனியில் பார்க்க வேண்டாம், நுனியில் மருந்து எப்போதும் ஆழமாகத்தான் போயிருக்கும். வெட்டு முகத்தில் வெளிப்பக்க வெள்ளை, அதாவது மரத்தின் இளம் பகுதி, முழுக்க நிறம் ஏறியிருக்க வேண்டும். நடு வைரம், அதாவது முற்றின கடும் பகுதி, மருந்தைக் குடிக்காது, அது இயல்பு. இதனால்தான் தூணுக்குச் சதுரமாக அறுத்த மரத்தைவிட உருண்டை மரம் நல்லது, சுற்றிவர வெள்ளை இருக்கும், மருந்தும் சுற்றிவர இருக்கும். சதுரமாக அறுத்தால் ஒரு பக்கத்தில் வைரம் வெளியே வந்துவிடும், அது புழுவுக்குக் கதவு. அதே காரணத்துக்காக மருந்தேற்றின பிறகு ஓடாவியிடம் தூணைச் செதுக்கவும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போடவும் விடாதீர்கள். மேலே வெட்ட வேண்டி வந்தால் வெட்டின இடத்துக்குக் கொப்பர் நப்தனேற் என்ற மருந்தைத் தாராளமாகப் பூச வேண்டும், பெயின்ட் அல்ல.

தேக்கென்றால் எதற்கும் தாங்கும் என்பதும் பாதி உண்மைதான். அதன் வைரமே கப்பல்புழு தொடாத மரமில்லை, வெள்ளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதிரை, பாலை எல்லாம் மேல்தளத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் அருமை, ஆனால் நல்ல மரத்தைத் தண்ணீருக்குள் தாட்டு வீணாக்குவானேன்? அப்புறம் பழைய லைட் கம்பம், ரயில் சிலிப்பர் கட்டை. மலிவுதான். கம்பத்துக்கு ஏற்றினது மண்ணுக்கான அளவு மருந்து. சிலிப்பரில் ஆணி அடித்த ஓட்டைகள் நிறைய, வெயிலில் கிரியோசோட் தார் கசிந்து பிள்ளைகளின் காலில் ஒட்டும்.

போல்ட், நட், வாஷர் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், முடியாவிட்டால் உருக்கிய நாகத்தில் (சிங்க்) தோய்த்தது. மினுக்கமான மெல்லிய பூச்சு வேண்டாம், செம்பு மருந்தும் உப்பும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். இரண்டு வகையையும் ஒரே மூட்டில் கலக்கவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், எச் 6 தூண் கையில் கிடைக்காத பட்சத்தில் தண்ணீருக்குள் கொங்கிரீட் தூணைப் போட்டு, அலை அடிக்கும் மட்டத்துக்கு மேலேதான் மரத்தைத் தொடங்குவேன். பலர் இதை அழகில்லை என்கிறார்கள், தென்மேற்குப் பருவக்காற்று வரட்டும் பார்ப்போம்.

மரத்துக்கு முற்பணம் கட்டும் முன் அனுமதியைப் பாருங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றரும் தாழ் நீர் மட்டத்திலிருந்து கடல் பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம், களப்பும் ஆற்று வாயும் சேர்த்தி. அங்கே கட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை முடிந்ததும் மிஞ்சும் சிசிஏ துண்டுகளை யாரும் அடுப்புக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.