வெயில் காலத்துல வீட்டுத் தோட்டம்: முதல் தடவையா செடி வைக்கறவங்களுக்கு

வெயில் காலத்துல தோட்டம் ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறவங்க பயப்படறதெல்லாம் இலை கருகிடுமேன்னுதான். இலைய பத்தி ரொம்ப கவலப்பட வேணாம்ங்க, மதியம் தொங்குற இலை சாயங்காலம் தானா நிமிந்துக்கும். பார்க்க வேண்டியது வேர. வேர் இருக்கற மண்ணு சூடாகாம, காயாம இருந்தா செடி எப்படியும் தாக்குப்புடிக்கும். கீழ சொல்லப்போற முக்கால்வாசி வேலையும் அதுக்காகத்தான்.

ஸ்டெப் 1: எந்த செடின்னு முடிவு பண்ணுங்க

வெயிலோட சண்டை போடாத செடியா எடுத்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு, கொடியில பீர்க்கன், பாகல், புடலை, சுரை, கீரையில தண்டுக்கீரை, முளைக்கீரை, கொடிப்பசலை, இதெல்லாம் சூடு இருந்தாத்தான் நல்லா வரும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கேரட், பட்டாணி எல்லாம் குளிர் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்.

தக்காளி மேல எல்லாருக்கும் ஆசை, ஆனா பகல்ல 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் சூடு இறங்கலைன்னா அதோட மகரந்தம் வேலை செய்யாது, பூ நல்லா பூக்கும், காய் புடிக்காம காம்போட உதிரும், அதுக்கு என்ன உரம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஏற்கனவே செடி இருந்தா காப்பாத்தி வைங்க, சூடு குறைஞ்சதும் காய்க்கும். புதுசா ஆரம்பிக்கறவங்க இப்ப தக்காளி வேணாம்.

வாசனைச் செடின்னா துளசி, கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல் மூணும் கவலையே இல்ல. புதினாவுக்கு அரை நிழல் வேணும். கொத்தமல்லி சூட்டுல சரியா முளைக்காது, முளைச்சாலும் இலை விடறதுக்குள்ள பூவுக்கு போயிடும், அதனால நல்ல நிழல்ல கொஞ்சமா போட்டு சின்னதுலயே பறிச்சுக்கணும்.

என்னை கேட்டா முதல் சீசனுக்கு வெண்டை, ஒரு கீரை, ஒரு கொடி, புதினா, இந்த நாலு போதும்.

ஸ்டெப் 2: இடம்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் போதும், அதுவும் காலை வெயிலா இருந்தா ரொம்ப நல்லது. மேற்கு பாத்த சுவர் ஓரம் வைக்காதீங்க, சாயங்காலம் முழுக்க அந்த சுவர் சூட்ட கக்கிட்டே இருக்கும். மொட்டை மாடின்னா செடி வைக்கற பைய (க்ரோ பேக்) தரையில அப்படியே வைக்க வேணாம், ரெண்டு செங்கல் போட்டு தூக்கி வைங்க, அடியில காத்து போகும். பைங்கள தள்ளித் தள்ளி அழகா அடுக்காம ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வைங்க, ஒண்ணோட நிழல் இன்னொன்னு மேல விழும். கறுப்பு பை சூட்ட இழுக்கும், வெளிப்பக்கம் வெள்ளையா இருக்கற பை வாங்குங்க, கறுப்புதான் இருக்குன்னா பழைய வெள்ளை துணிய சுத்தி விட்டாலும் சரிதான்.

நிழல் வலை கட்டறதா இருந்தா கீரைக்கும் புதினாவுக்கும் 50 சதவீத வலை. வெண்டைக்கும் கொடிக்கும் வலையே தேவையில்ல, நிழல் அதிகமானா செடி உயரமா போகும், காய் குறையும்.

ஸ்டெப் 3: மண் கலவை

ஒரு பங்கு மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), ஒரு பங்கு மண்புழு உரம் இல்லாட்டி நல்லா மக்குன தொழு உரம். கோகோபீட்ட ஊற வெச்சு ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்தி அலசிட்டு போடுங்க, அதுல உப்பு இருக்கும், அலசாம போட்டா நாத்தோட இலை ஓரம் காயும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்தத கையில புடிச்சு பாருங்க, உருண்டையா நிக்கணும், விரலால தட்டுனா பொலபொலன்னு உதிரணும். உதிரலைன்னா கோகோபீட் இன்னும் கொஞ்சம் சேருங்க.

கீரைக்கு 6 இன்ச் ஆழம் போதும். வெண்டை, கத்தரிக்கு 12 இன்ச், கொடிக்கு 15 இன்ச்சுக்கு குறையாம. பைய முழுசா ரொப்பாம மேல 2 இன்ச் விடுங்க, எதுக்குன்னு அஞ்சாவது ஸ்டெப்புல வரும். ரொப்பி தண்ணி தெளிச்சு ஒரு வாரம் அப்படியே விட்டுட்டு அப்புறம் விதைங்க.

தரையில பாத்தி போடறவங்க வெயில் காலத்துல மேட்டுப்பாத்தி போடாதீங்க, சீக்கிரம் காயும். சுத்தி வரப்பு வெச்சு பாத்திய ஒரு சாண் பள்ளமா போட்டா தண்ணி அங்கயே நிக்கும்.

ஸ்டெப் 4: விதைக்கறது

வெண்டை விதைய ராத்திரி ஊறப் போட்டு காலையில நேரா பையிலயே ஊனுங்க, நாத்து விட்டு மாத்தி நட்டா வேர் அடிபடும். குழிக்கு ரெண்டு விதை, முளைச்சதும் நல்லதா ஒண்ண விட்டுட்டு மத்தத கத்தரிக்கோலால வெட்டி விடுங்க, புடுங்குனா பக்கத்து வேரும் சேந்து வரும். கொடி விதையும் இதே மாதிரி. பாகல் விதைக்கு மட்டும் தோல் கெட்டி, ஓரத்த லேசா சொரசொரப்பா தேய்ச்சிட்டு ஊற போட்டா சீக்கிரம் முளைக்கும்.

கத்தரி மட்டும் நாத்து விட்டுத்தான் நடணும், நாலஞ்சு இலை வந்ததும் சாயங்காலமா மாத்தி நட்டு ரெண்டு மூணு நாள் நிழல்ல வைங்க. கீரை விதை பொடி, மணலோட கலந்து தூவி மேல மெல்லிசா மண் போட்டு பூவாளியில தெளிங்க, குடத்துல ஊத்துனா எல்லாம் ஒரு மூலைக்கு போயிடும். எறும்பு தூக்கிட்டு போகும்ங்கறதால முளைக்கற வரைக்கும் ஈர சாக்கு போட்டு மூடுங்க, மூணாவது நாள்ல இருந்து தினம் தூக்கிப் பாருங்க, முளை தெரிஞ்ச உடனே எடுத்துடணும், இல்லன்னா வெளுத்துப் போய் நீளமா வந்து சாஞ்சிடும்.

புதினாவுக்கு விதையே வேணாம். தடியான தண்டா ஒரு சாண் வெட்டி, கீழ் இலைய எடுத்துட்டு, ஒரு டம்ளர் தண்ணியில வெச்சா கணுவுல வெள்ளை வேர் வரும், அப்புறம் நட்டுக்கலாம்.

ஸ்டெப் 5: தண்ணியும் மூடாக்கும்

இதுலதான் எல்லாரும் சொதப்பறாங்க. மதியம் இலை தொங்கறத பாத்ததும் பதறிப்போய் தண்ணி ஊத்துறது, சாயங்காலம் இன்னொரு தடவ, ராத்திரி மனசு கேக்காம இன்னும் கொஞ்சம். வேருக்கு காத்தும் வேணும், எப்பவும் சொதசொதன்னு இருந்தா அழுகிடும். அழுகுன வேரால தண்ணிய இழுக்க முடியாம இலை தொங்கும், அத பாத்துட்டு இன்னும் ஊத்துவோம், செடி காலி.

செக் பண்ண ஒரே வழி, விரல ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விட்டு பாருங்க. ஈரம் ஒட்டுனா வேணாம், காஞ்சிருந்தா ஊத்துங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே இலை தொங்கிட்டிருந்தா அது ஒண்ணு நிஜமான தாகம், இல்லன்னா வேர்ல கோளாறு, எதுன்னு விரல விட்டா தெரிஞ்சிடும்.

ஊத்தற நேரம் விடியக்காலை. அடித் துளையில தண்ணி எட்டிப் பாக்கற வரைக்கும் மெதுவா ஊத்துங்க, தினம் மேலாப்புல தெளிச்சா வேரும் மேலயே நிக்கும், மேல்மண்ணுதான் முதல்ல சூடாகும். பை ரொம்ப காஞ்சிருந்தா மண் சுருங்கி ஓரத்துல இடைவெளி விழுந்திருக்கும், ஊத்துற தண்ணி அந்த ஓரமா ஓடி கீழ வந்துடும், நீங்க நனைஞ்சிடுச்சுன்னு நெனப்பீங்க, நடு மண்ணு பொடியா இருக்கும். அப்ப ஓரத்த விரலால அமுக்கி அடைச்சிட்டு, பத்து நிமிஷம் விட்டு விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். இன்னொன்னு, வெயில்ல கெடந்த ஹோஸ் பைப்புல முதல்ல வர தண்ணி சுடும், அத பக்கெட்டுல புடிச்சிட்டு அப்புறம் செடிக்கு காட்டுங்க.

மேல விட்ட அந்த 2 இன்ச் இடம் மூடாக்குக்கு, அதாவது வெயில் படாம மண்ண மூடி வைக்கறதுக்கு. காஞ்ச இலை, வைக்கோல், தேங்கா நார், கரும்பு சக்கை, எது கிடைக்குதோ அது, ஆனா தண்டுல ஒட்டாம ஒரு விரல் தள்ளி போடுங்க. வெயில் உச்சியில மூடாக்கு போட்ட பையிலயும் போடாத பையிலயும் விரல விட்டு பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 6: பூவும் பூச்சியும்

கொடியில முதல்ல வர்றது எல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும், பயப்படாதீங்க. பூவுக்கு கீழ குட்டியா காய் மாதிரி இருந்தா அது பெண் பூ. தேனீ வரலைன்னா ஆண் பூவ பறிச்சு இதழ உரிச்சிட்டு நடுவுல இருக்கற மஞ்சப் பொடிய பெண் பூவுக்குள்ள லேசா தடவி விடுங்க. பாகல் பூ காலையில விரியும், பீர்க்கனும் சுரையும் சாயங்காலம்தான் விரியும், நேரம் பாத்து போகணும்.

காஞ்ச வெயில்ல வர்ற பெரிய தொல்லை செம்பேன். இலை மேல ஊசி குத்துன மாதிரி வெளிர் புள்ளி, அடியில மெல்லிசா வலை. தண்ணிய வேகமா இலைக்கு அடியில ரெண்டு மூணு நாள் தொடர்ந்து பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும். போகலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், நல்லா குலுக்கி சாயங்காலம் மட்டும் அடிங்க, வெயில்ல அடிச்சா இலை பொசுங்கும்.

ஸ்டெப் 7: பறிக்கறது

முளைக்கீரை 25 நாள்ல ரெடி. வெண்டை ஒன்றரை மாசத்துல காய்க்கும், பூத்த அஞ்சாறு நாள்ல பறிச்சிடணும், நுனிய ஒடிச்சா பட்டுனு ஒடியணும், வளைஞ்சா முத்திடுச்சு. முத்தின காய செடியில விட்டா அது விதை கட்டறதுல இறங்கிடும், புதுக்காய் குறையும், அதனால சாப்பிட ஆகலைன்னாலும் வெட்டி எடுத்துடுங்க. சொணை கையில அரிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. புதினாவும் துளசியும் நுனிய கிள்ள கிள்ளத்தான் பக்கக் கிளை விடும், துளசியில பூக்கதிர் வந்ததும் கிள்ளிடுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை மூடாக்க ஒதுக்கி பைக்கு ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு திரும்ப மூடிட்டா உர வேலை அவ்வளவுதான்.