கவுன்சிலிங் நோட்டு யார் கையில் இருக்கணும்?

கடலூரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுவதுதான் என் வேலை. கவுன்சிலிங் பொறுப்பு புதிதாகத் தலையில் விழுந்த ஆசிரியர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மேடம், ரிஜிஸ்டர் எப்படிப் போடுறது?" ரெண்டு போடுங்கள் என்பேன்.

முதலாவது வருகைப் பதிவு. தேதி, வகுப்பு, பெயர், வந்த நேரம், திரும்பிப் போன நேரம். இது தலைமை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நோட்டு. கடையில் வாங்கும் ரிஜிஸ்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் 'ஆலோசனை' என்று ஒரே சொல்லை எழுதுங்கள். படிப்புச் சந்தேகத்துக்கு வந்தவனுக்கும் அதே சொல், அழுதுகொண்டு வந்தவளுக்கும் அதே சொல்.

இரண்டாவது குறிப்பு நோட்டு. இதில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும். நோட்டு பீரோவில்; சாவி உங்கள் பையில். ஆபீஸ் ரூம் பீரோவாக இருந்தால் பரீட்சைப் பேப்பர், சத்துணவுக் கணக்கு என்று நாளைக்குப் பத்துப் பேர் திறப்பார்கள். தனிப் பூட்டு கேட்டு வாங்குங்கள்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்று நம்பிவிடக் கூடாது. 'ஒன்பதாம் வகுப்பு, தேவனாம்பட்டினம், அப்பா போட்டில் போகிறார், அக்கா போன வருடம் வீட்டைவிட்டுப் போனாள்' என்று எழுதினால் அந்தத் தெருவுக்கே ஆளைத் தெரியும். நம் ஸ்டாஃப் ரூமிலேயே நாலு பேர் அந்தப் பக்கத்துக்காரர்களாக இருப்பார்கள். ஊர், தொழில், உறவு மூன்றும் ஒரே பக்கத்தில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி எழுதுவது? 'குடும்பம் சரியில்லை, பெண் டிப்ரஷனில் இருக்கிறாள்' என்று நான் எழுத மாட்டேன். டிப்ரஷன் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். 'ஒரு வாரமாக மதியம் சாப்பிடவில்லை என்றாள். இரவில் தூக்கம் வரவில்லை என்றாள். அம்மாவை வரச் சொல்லலாமா என்று கேட்டேன், வெள்ளிக்கிழமை வரட்டும் என்றாள்.' அவள் சொன்னது, நான் பார்த்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம், அவ்வளவுதான். நாளைக்கே அந்தப் பெண் இதைப் படித்தாலும் அவள் முகம் சுருங்கக் கூடாது. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்பினால், போன தேதியை மட்டும் குறியுங்கள். மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளிக் கோப்பில் சொருகுகிற வேலை வேண்டாம்.

இனி கஷ்டமான இடம். "மிஸ், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பிள்ளை கேட்கும். பண்ணாதீர்கள். பேச்சைத் தொடங்கும்போதே நான் சொல்வது: "நீ சொல்றது நம்மகிட்டயே இருக்கும், பாப்பா. ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, உன்னை யாராவது தப்பா தொட்டிருந்தா, அப்ப மட்டும் நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளும். மூடட்டும், மறு வாரம் தானாகவே வரும் பிள்ளையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பிள்ளையை யாராவது தப்பாகத் தொட்ட விஷயம் தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'பள்ளி மானம்' என்று தலைமை ஆசிரியர் இழுத்தாலும் பொறுப்பு உங்களைவிட்டுப் போகாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளையென்றால் அது புதுச்சேரியாயிற்றே என்று தயங்க வேண்டாம், அங்கேயும் அதே எண்தான். அதன் பிறகு பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே போகக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

பெற்றோர் வந்து நோட்டைக் காட்டச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். "உட்காருங்கய்யா, பாப்பாவையும் கூப்பிடுறேன், அவளே சொல்லட்டும்" என்றால் முக்கால்வாசிப் பேர் அமைதியாகிவிடுவார்கள். அவர்களுக்குத் தேவை பிள்ளைக்கு என்னவென்று தெரிவது. நோட்டு அதற்கு ஒரு சாக்கு.

ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் விஷயம் ஒரு வரிகூட வரக் கூடாது. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியது, 'இந்த வாரம் அவனை எழுப்பிக் கேள்வி கேட்காதீங்க' என்கிற அளவுக்குத்தான். மாணவர் விவரங்களை ஏற்றுகிற அரசு இணையதளமான எமிஸின் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் என்ற கட்டத்துக்குக் கவுன்சிலிங் நோட்டிலிருந்து எதுவும் போகக் கூடாது; அந்தத் தாளை அடுத்த பள்ளியில் எத்தனை பேர் புரட்டுவார்களோ.

உங்களுக்கு மாறுதல் வந்தால் நோட்டை உறையில் போட்டு ஒட்டி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அதுவரை யாரும் வரவில்லையென்றால் ஒட்டிய உறையே தலைமை ஆசிரியரின் பீரோவுக்குப் போகட்டும். வழக்கு நடக்கிற பிள்ளையின் பக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கிழிக்காதீர்கள், கோர்ட்டில் கேட்பார்கள்.