பின் டிரம்மில் பிரேக் ஆயில் கசிவு: நான் சரிசெய்த விதம்

ரிசர்வாயரில் (பிரேக் ஆயில் தொட்டி) ஆயில் இறங்கிக்கொண்டே வந்தது. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றி, ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் சொட்டியது. உள்ளே ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் மட்டும் மாற்றினால் நிற்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் உள்சுவரில் துருக்குழி போட்டிருக்கும், நகத்தில் தட்டுப்படும். அப்படியிருந்தால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவது) வீண், சிலிண்டரையே மாற்றினேன். பைப் நட்டுக்குச் சாதா ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும்; நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் சரி. ஆயில் குடித்த லைனிங்கை (ஷூவின் உராய்வுப் பட்டை) கழுவிப் பயனில்லை, இரு பக்கமும் புது ஷூ போட்டேன். ரப்பரில் சாதா கிரீஸ் பட்டால் உப்பிவிடும். டாட் 4 பிரேக் ஆயிலையே தடவிப் பூட்டினேன். பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற பிளீட் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக எட்டாத துருப்பகுதியில் சீல் உரசிக் கிழியும், பிறகு அடுத்த கசிவு அங்கேதான். ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.