அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: கிறிஸ்தவச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருபை, விசுவாசம், மனந்திரும்புதல், அபிஷேகம், ஆசீர்வாதம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எழுந்திருப்பதற்குள் இவை எல்லாம் பலமுறை நம் காதில் விழுந்திருக்கும். சாட்சி சொல்லும்போதும், கல்யாணப் பத்திரிகையிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இதே சொற்கள்தான். சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் உண்மையான பக்தியோடுதான் சொல்லுகிறார்கள். ஆனாலும் சில சொற்கள் வேதத்தில் இருக்கும் பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டன. சில இடங்களில் அவற்றால் மனிதர்கள் காயப்படவும் செய்கிறார்கள்.

இதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுத்து மனப்பாடம் செய்கிறோம், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வாசிப்பதில்லை. கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் அநேகமானவை, வேதாகமத்தைத் திறந்து அடுத்த வசனத்தையோ முந்தின வசனத்தையோ வாசித்தாலே சரியாகிவிடும்.

கிருபையிலிருந்தே, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவிலிருந்தே தொடங்கலாம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் 2:8 பலருக்குத் தலைகீழ்ப் பாடம். அது தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்று ஒன்பதாம் வசனம் வரை சொல்லி நிறுத்திவிடுவோம். பத்தாம் வசனம்: "ஏனெனில், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்." நற்கிரியை கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல. கிருபை பெற்றவன் வாழும் வாழ்க்கை அது. இதை விட்டுவிட்டால் "கிருபை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்ற மெத்தனம் வந்துவிடும். தேவகிருபை நமக்குப் போதிக்கிறது, அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழக் கற்றுத்தருகிறது என்று தீத்து 2:11, 12 சொல்லுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒரு தவறு நடக்கிறது. வேலை உயர்வு, பிள்ளைக்கு மெடிக்கல் சீட், புது வீடு கிடைத்தால் மட்டும் "தேவ கிருபை" என்கிறோம். சீட் கிடைக்காத பிள்ளையின் தாய் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை அப்போஸ்தலனாகிய பவுலுக்கு எப்போது கிடைத்தது என்று 2 கொரிந்தியர் 12-இல் பாருங்கள். மாம்சத்திலே இருந்த முள், அதாவது தன்னை வருத்திய ஒரு துன்பம், நீங்க வேண்டும் என்று அவர் மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. அந்த இடத்தில் வந்த பதில்தான் இது.

விசுவாசம் என்ற சொல்லில் நடக்கும் தவறு இன்னும் கொடியது. வியாதியாய் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு வருகிறார். ஏற்கெனவே வலியில் கிடக்கிறவர் மேல் குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வருகிறார்கள், கூட்டத்தில் வழியில்லாமல் வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்றுதான் ஐந்தாம் வசனம் சொல்லுகிறது. படுத்திருந்தவனிடம் "உனக்கு எவ்வளவு விசுவாசம்?" என்று அவர் கேட்கவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகிறவர்கள் சுமந்த அந்த நாலுபேரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

பவுல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனத்துக்கும் வயிற்றுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). அந்தக் காலத்தில் அதுவும் ஒரு மருந்து. இந்த இருவருடைய விசுவாசத்தையும் அவர் எங்கேயும் குறைத்துப் பேசவில்லை. ஆகவே சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், கேட்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபிக்கிறவரிடம் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு கதறினான். அப்படிச் சொன்னவனுடைய பிள்ளை குணமானான். சந்தேகத்தை மறைத்துக் குரலை உயர்த்துவதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை.

இங்கே நம் தமிழ் வேதாகமங்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அதாவது ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் நம்பிக்கை, மற்றதில் முதலாவதாக நிற்கிறது. கத்தோலிக்க நண்பரோடு பேசும்போது இது தெரியாமல் வீண் வாக்குவாதம் வருவதுண்டு. ஞானஸ்நானமும் திருமுழுக்கும், கிருபையும் அருளும் அப்படித்தான். சொல்லை வைத்து ஒருவருடைய பக்தியை அளக்க வேண்டாம்.

மனந்திரும்புதலுக்கு வருவோம். கன்வென்ஷன் பந்தலில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் வந்து முழங்காலிட்டு அழுவது நமக்கெல்லாம் தெரிந்த காட்சி. அந்தக் கண்ணீரை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் கண்ணீர் தொடக்கம் மட்டுமே. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு மனஸ்தாபப்பட்ட யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்து எறிந்தும் ஆண்டவரிடம் திரும்பாமலே போனான். லூக்கா 3-இல் யோவான்ஸ்நானகன் "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்" என்றதும் ஜனங்கள் விவரம் கேட்கிறார்கள். அவர் தரும் பதிலில் அழுகையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்) கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்கக்கூடாது. போர்ச்சேவகன் யாரையும் துன்புறுத்தாமல், பொய்க்குற்றம் சாட்டாமல், சம்பளம் போதும் என்று இருக்க வேண்டும். அவரவர் தொழிலில், அவரவர் கை அழுக்கான அதே இடத்தில் கேட்கப்படும் மாற்றம் அது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவருக்கும் வாடகைக்கு வீடு விடுகிறவருக்கும் யோவான் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

மாம்சம் என்றால் உடம்பு, மாம்சத்தின் பாவம் என்றால் பாலியல் பாவம் என்று வாலிபர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். கலாத்தியர் 5:19 அங்கேதான் தொடங்குகிறது என்பது மெய். இருபதாம் வசனத்தில் பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள் எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. சபைத் தேர்தலில் கட்சி கட்டுவதும் மாம்சம்தான். சாதி பார்த்து உட்காருவதும், சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரிப்பதும் மாம்சம்தான். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பினார். தென்னிந்தியச் சபைகளில் அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்தப் பாவத்தை விட்டுவிடச் சொல்லிப் பிரசங்கம் கேட்பது அரிதாயிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புது வருஷ நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். வரிசையில் நின்று ஒன்றை எடுத்து, அது என்ன சொல்லுகிறது என்று பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் பெரியது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். எரேமியா 29:11 அட்டைகளில் அதிகம் வரும் வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி முந்தின அதிகாரத்தில் சொல்லியிருந்தான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய கடிதத்தின் பத்தாம் வசனமோ எழுபது வருஷம் என்கிறது. அதை முதலில் வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், சிறையாக்கிய அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது ஏழாம் வசனம் வரை உள்ள பகுதி. ஆசீர்வாதம் என்பதற்கு இவ்வளவு நீளமும் பொறுமையும் உண்டு. இந்த மாதக் கடைசிக்குள் கடன் அடைந்துவிடும் என்ற அளவுக்கு அதைச் சுருக்கினால் நஷ்டப்படுவது நாம்தான்.

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐப் பரீட்சை அட்டையில் எழுதுகிற பிள்ளைகள் பன்னிரண்டாம் வசனத்தையும் வாசிக்கட்டும். கட்டப்பட்ட நிலையில் இருந்த பவுல் எழுதியது அது. பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். தோற்றாலும் நிற்பதற்கான பெலனும் அதில் அடங்கும்.

தேவன் ஒருவரைத் தமக்கென்று பிரித்தெடுப்பதைக் குறிக்கும் அபிஷேகம் என்ற சொல்லை இப்போது பலர் ஒரு கேடயமாகவே தூக்கிப் பிடிக்கிறார்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டால், ஊழியர் ஒருவரின் நடத்தையைப் பற்றிக் கேட்டால், "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற சங்கீதம் 105:15 வந்து வாயை அடைத்துவிடும். அந்தச் சங்கீதத்தைப் பன்னிரண்டாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் என்று அங்கே சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தார். சொற்பத் தொகையினர், சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாய் அலைந்த பரதேசிகள். கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ராஜாக்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் எளியவர்களைத் தொடக்கூடாது என்று கர்த்தர் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து அதிகாரத்தில் இருப்பவரைச் சபையின் கேள்வியிலிருந்து காப்பாற்றுவது வசனத்தைத் தலைகீழாக்குவது.

அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவாகிய தாவீதிடம் தீர்க்கதரிசியான நாத்தான் அவனுடைய பாவத்தைச் சுட்டிக்காட்டி "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). மேலும் 1 யோவான் 2:20 விசுவாசிகள் எல்லாரையும் பார்த்து, "நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று" இருக்கிறீர்கள் என்கிறது. கணக்குக் கேட்கும் வயதான அம்மாவுக்கும் அந்த அபிஷேகம் உண்டு.

மன்னிப்பைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. புருஷன் கையால் அடிபட்டு வந்த பெண்ணிடம் "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறாரே, மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மத்தேயு 18:22-ஐச் சொல்லுகிறவர்கள் அதே அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்கிறது ஆறாம் வசனம். பதினைந்து முதல் பதினேழு வரை, குற்றம் செய்தவனைத் தனியே சந்தித்து, பிறகு சாட்சிகளோடு, பிறகு சபைக்கு முன்பாக உணர்த்தச் சொல்லுகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் ஏழெழுபது வருகிறது. லூக்கா 17:3 ஒரே வசனத்தில், "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது.

பழிவாங்காமல் விடுவது ஒன்று. பழைய உறவுக்கு உடனே திரும்புவது வேறொன்று. யோசேப்பு தன்னை விற்ற சகோதரர் எகிப்துக்கு வந்தபோது தனியே போய் அழுதான், அவர்கள் சாக்குகளைத் தானியத்தால் நிரப்பினான், பணத்தையும் திருப்பி வைத்தான். தான் யார் என்று மட்டும் சொல்லவில்லை. பென்யமீனைச் சிக்கவைத்து, தன்னைக் கைவிட்டதுபோல் இவனையும் கைவிடுவார்களா என்று சோதித்தான். "இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று யூதா முன்வந்த பிறகுதான் (ஆதியாகமம் 44:33) யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிறான். அடிபட்ட பெண் பாதுகாப்பான இடத்தில் தங்குவதும், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அழைப்பதும், போலீசில் புகார் கொடுப்பதும் மன்னிப்புக்கு விரோதம் அல்ல. சபை அவளோடு துணைக்குப் போக வேண்டும்.

அல்லேலூயாவையும் ஓசன்னாவையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னது "கர்த்தரைத் துதியுங்கள்" என்ற அழைப்பு. பின்னது "இப்பொழுது இரட்சியும்" என்ற விண்ணப்பம், சங்கீதம் 118:25-இலிருந்து வந்தது. குருத்தோலை ஞாயிறு பவனியில் ஓசன்னா பாடும்போது உதவி கேட்கிறோம் என்பது நினைவில் இருந்தால் போதும்.

ஆமென் அவ்வளவு லேசானது அல்ல. பிரசங்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "எத்தனை பேர் ஆமென் சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு அது வாயின் பழக்கம் ஆகிவிட்டது. "அப்படியே ஆகக்கடவது, இதற்கு நானும் பொறுப்பு" என்று ஒப்புக்கொடுக்கிற சொல் அது. நெகேமியா 5-ஐப் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஏழை யூதர்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையே அடிமைகளாக விட்டுக் கதறுகிறார்கள். கடன் கொடுத்திருந்தவர்கள் அவர்களுடைய சொந்த இனத்தாரான பிரபுக்கள். அவர்களுடைய அதிபதியான நெகேமியா அந்தப் பிரபுக்களைக் கூட்டி, நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். கொடுத்துவிடுகிறோம் என்று அவர்கள் ஆணையிடுகிறார்கள். சபையார் எல்லாரும் ஆமென் என்று சொல்லிக் கர்த்தரைத் துதித்தார்கள் என்று பதின்மூன்றாம் வசனம் சொல்லுகிறது. அதே வசனம், ஜனங்கள் அந்த வார்த்தையின்படியே செய்தார்கள் என்றும் சொல்லுகிறது.