இரண்டாம் பக்கத்தில் படுத்துவிட்ட கதை

கூட்டுக் கிணற்றுத் தகராறை வைத்து எழுதிய சிறுகதை நகரவே இல்லை. அண்ணனும் தம்பியும் பக்கம் பக்கமாகத் திட்டிக்கொண்டார்கள். சத்தம் இருந்ததே ஒழிய மோதல் இல்லை. இருவருக்கும் ஒரே பொருள் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால்தானே முட்டல் வரும்?

முதலில் தண்ணீரைக் குறைத்தேன். ஊற்று, இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் தீர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு நாள் முறை. தம்பியின் வாழை குலை தள்ளுகிற சமயம். அண்ணனுக்கோ தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள். உயிர்த்தண்ணீர் விட்டே ஆகவேண்டும். கெடு தானாக வந்துவிட்டது.

அண்ணனுக்கும் நியாயம் வேண்டும். மோட்டார் காயில் எரிந்தபோது அதை மறுபடி சுற்றிக் கட்டக் கொடுத்தது அவர் பணம். இந்த ஒரு வரிக்குப் பிறகு வாசகர் யார் பக்கமும் சாய முடியாது.

அடுத்தது படிகள். தம்பி கேட்கிறான், மறுப்பு. “இன்னைக்கு முறை என்னுதுங்ணா” என்கிறான். அண்ணன் சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் ஓடாதபடி தம்பி பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறான். ஒவ்வொரு செயலும் முந்தையதைவிடத் திரும்பப் பெறக் கடினமானதாக இருக்க வேண்டும். வசவு அப்படியல்ல, நாளைக்கே மறந்துபோகும். அதனால்தான் வசனத்தில் பாதியை வெட்டினேன்.

கடைசியில் பெய்த மழையையும் எடுத்துவிட்டேன். தற்செயல் சிக்கலைத் தொடங்கி வைக்கலாம், தீர்த்து வைக்கக் கூடாது. மழைக்குப் பதில், பீஸ் கட்டையைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பது அம்மா.