கத்தரிக்கோலால் கார்டை மூட முடியாது

என் முதல் கிரெடிட் கார்டை நான் மூடியது கத்தரிக்கோலால்தான். நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தொல்லை விட்டது என்று இருந்தேன். அடுத்த வருஷம் ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு என்று பில் வந்தது. அதையும் நான் பார்க்கவில்லை. தாமதக் கட்டணம், வட்டி என்று குட்டி போட்டுக்கொண்டே போனது.

இரண்டாவது கார்டை ஒழுங்காக மூடினேன். மிச்சமிருந்த ரிவார்டு பாயிண்டுகளை முதலில் செலவழித்தேன்; மூடினால் பெரும்பாலும் போச்சுதான். கார்டில் தானாகப் போகும் பணத்தை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றினேன். எனக்கு மூன்று இருந்தன: ஓடிடி சந்தா, செல்போன் பில், இன்சூரன்ஸ் பிரீமியம். மறந்துபோனது இன்சூரன்ஸ்தான், பழைய ஸ்டேட்மெண்டுகளை ஒரு வருஷத்துக்குப் புரட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இஎம்ஐ ஓடினால் அதையும் முடித்தாக வேண்டும்.

பிறகு பாக்கி. முன்மாத பாக்கியைச் சுமந்து வந்தவர்கள் ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையைக் கட்டினால் மட்டும் போதாது. கட்டிய நாள்வரைக்கான வட்டி அடுத்த பில்லில்தான் தலைகாட்டும். "இன்றைக்கு மூட மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு வாங்கிக் கட்டுங்கள்.

கோரிக்கையை ஹெல்ப்லைன், மின்னஞ்சல், ஆப், இணையதளம் எதிலும் கொடுக்கலாம். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி அடம்பிடிக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி அது. நான் போனில் சொன்னேன். "மேடம், கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம், லிமிட்டை ஏத்தித் தர்றோம்" என்று அந்தப் பெண் இனிக்க இனிக்கப் பேசினாள். அவள் வேலை அது. "வேண்டாம்மா, மூடிடுங்க, நம்பர் குடுங்க" என்பதையே மூன்று முறை சொன்னேன். அந்தக் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே போட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

பாக்கி இல்லாவிட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் நமக்குத் தர வேண்டும். நாம் கூடுதலாகக் கட்டியிருந்தால் அதுவும் நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே முறையிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

மூடியாயிற்று என்ற செய்தி வந்த பிறகு கத்தரிக்கோல். சிப்பின் குறுக்கே வெட்டுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால், பாக்கியை முழுதாகக் கட்டாமல் பேரம்பேசி முடித்தவர் என்று அர்த்தம். வீட்டுக்கடன் கேட்கும்போது அது இடிக்கும். முழுதாகக் கட்டியும் அப்படி இருந்தால் வங்கிக்கும் எழுதுங்கள், சிபில் தளத்திலும் திருத்தம் கேளுங்கள்.